ஜிம் நடத்துகிறவர் எல்.ஐ.சி. ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய பாடம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். திண்டுக்கல் அளவுள்ள ஊரில் சொந்தமாக ஜிம் வைத்திருக்கிறீர்கள். மாதக் கட்டணம் 1,200 ரூபாய், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 8,000. ஜனவரியில் நிற்க இடம் இல்லை, ஏப்ரலில் ட்ரெட்மில் சும்மா கிடக்கிறது. இப்போது ஒரு பெரிய நிறுவனம் பக்கத்துத் தெருவிலேயே ஏ.சி. ஜிம் திறந்து, வருடம் 6,000 என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறது. நீங்களும் விலையைக் குறைக்கலாமா, வேறு தொழில்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஜிம் ஆள் இல்லை. சிறு தொழில்களுக்குக் கணக்கும் வரியும் பார்க்கிறவன். ஜிம், டியூஷன் சென்டர், நகைக்கடை, பார்லர் எல்லாருடைய கணக்கும் என் மேஜைக்கு வரும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

யூடியூபில் நீங்கள் பார்க்கும் ஜிம் பிசினஸ் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே இந்தத் தொழில் எதை நம்பி ஓடுகிறது என்பதை டெல்லா விக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மூன்று ஜிம்களின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நான்கு முறையும் கொஞ்சமும்தான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுகிறது. அதே ஜிம்மில் பத்து வருகைக்கான அட்டை வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலர்தான். அதாவது உறுப்பினர் வராமல் இருப்பதுதான் அங்கே லாபம். அந்த ஜிம்களில் மாதாந்தரக் கட்டணம் கார்டிலிருந்து தானாகப் போய்க்கொண்டே இருந்தது, நிறுத்த வேண்டுமென்றால் நேரில் போக வேண்டும், இல்லையென்றால் கடிதம் போட வேண்டும் என்று இருந்தது. சோம்பல்பட்டவர் உறுப்பினராகவே நீடித்துவிடுவார்.

நம் ஊரில் இது அப்படியே தலைகீழ். இங்கே சோம்பல்பட்டவர் கழன்றுவிடுவார். மாதம் பிறந்தால் அவரே ஜிபே செய்ய வேண்டும், இல்லை கவுண்டரில் பணம் நீட்ட வேண்டும். இரண்டு வாரம் வராதவர் மூன்றாவது வாரம் ஏன் கட்டப்போகிறார்? அதனால் நீங்கள் பாடம் கேட்க வேண்டியது அமெரிக்க ஜிம்காரரிடம் இல்லை. வாடிக்கையாளர் ஒவ்வொரு முறையும் தானே மனது வைத்துத் திரும்பப் பணம் கட்டினால்தான் ஓடும் என்கிற தொழில்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கின்றன. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

முதலில் ஆயுள் காப்பீடு. இந்தத் தொழிலில் 13-ஆவது மாத நிலைப்பு விகிதம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு காலத்தில் எடுத்த பாலிசிகளில் எத்தனை இரண்டாம் வருடப் பிரீமியம் கட்டித் தொடர்கின்றன என்று பார்ப்பது. அப்புறம் 25, 37, 49, 61 ஆம் மாதங்களிலும் அதே கணக்கு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி எல்லா நிறுவனங்களும் இதை வெளியிட்டாக வேண்டும். புது பாலிசி எவ்வளவு பிடித்தார்கள் என்பதை விட, விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஓட்டை வாளியில் எத்தனை குடம் ஊற்றினாலும் என்ன பயன்?

என்னிடம் வரும் ஜிம் உரிமையாளர்களைக் கேட்டால் "இந்த மாதம் 40 அட்மிஷன் சார்" என்பார்கள். போன ஜனவரியில் சேர்ந்தவர்களில் இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். இந்தக் கணக்கைப் போட சாஃப்ட்வேர் தேவையில்லை. போன ஜனவரி ரெஜிஸ்டரைத் திறங்கள். சேர்ந்தவர் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே கடைசியாக வந்த மாதத்தை எழுதுங்கள். பாதிப் பேர் எந்த மாதத்தில் காணாமல் போனார்கள் என்று தெரிந்துவிடும். அது மார்ச் என்றால், ஏப்ரலில் கடை காலியாக இருப்பதற்கும் பக்கத்துத் தெரு ஜிம்முக்கும் சம்பந்தமே இல்லை. அவர்கள் வருவதற்கு முன்பே ஓட்டை இருந்திருக்கிறது.

காப்பீட்டில் இன்னொரு விஷயம், இது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. ஏஜென்ட்டுக்கு முதல் வருடக் கமிஷன் பெரிது, அடுத்தடுத்த வருடங்களில் சிறிது. அதனால் ஆளைப் பிடித்துப் பாலிசி போட்டுவிட்டு, மறு வருடம் எட்டிப் பார்க்காத ஏஜென்ட்டுகள் உண்டு, பாலிசி லேப்ஸ் ஆகும். ஆனால் அந்தச் சின்ன ரினீவல் கமிஷனை மதித்து, தவணை தேதிக்கு முன்னால் ஃபோன் போட்டு, வீட்டு விசேஷத்துக்கும் வந்து நிற்கிற ஏஜென்ட்டுகளையும் நமக்குத் தெரியும். இருபது வருடம் கழித்து வசதியாக இருப்பது அவர்கள்தான். உங்கள் ட்ரெயினருக்கு என்ன இன்சென்டிவ் கொடுக்கிறீர்கள்? அட்மிஷனுக்கு 200 ரூபாய், பெர்சனல் ட்ரெயினிங் பிடித்தால் பங்கு, அவ்வளவுதானே. நான்காவது மாதம் அந்த உறுப்பினர் மறுபடி பணம் கட்டினால் ட்ரெயினருக்கு என்ன? ஒன்றும் இல்லை. அட்மிஷனுக்குக் கொடுப்பதை 50 ஆக்கி, மிச்சத்தை நான்காம் மாதத்துக்கும் எட்டாம் மாதத்துக்கும் தள்ளிப் பாருங்கள். உங்களுக்குச் செலவு அதேதான், ட்ரெயினரின் கண் போகிற இடம் மாறும்.

லேப்ஸ் ஆன பாலிசியை உயிர்ப்பிக்க எல்.ஐ.சி. அவ்வப்போது தனி முகாம் நடத்தும், தாமதக் கட்டணத்தில் சலுகை கொடுத்து வாங்க வாங்க என்று கூப்பிடும். ஜிம்களில் என்ன நடக்கிறது? ஐந்து மாதம் கழித்து வெட்கப்பட்டுக்கொண்டே வாசலுக்கு வருகிறவரிடம் "ரீ-அட்மிஷன் ஃபீஸ் 500" என்கிறார்கள். திரும்பி வருகிறவருக்குச் சலுகை கொடுக்க வேண்டிய இடத்தில் அபராதம் போடுகிறார்கள். அந்தக் கட்டணத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது நகைச்சீட்டு. 11 மாதம் கட்டினால் 12-ஆவது மாதத் தவணையைக் கடை போடும், இல்லை செய்கூலி சேதாரத்தில் தள்ளுபடி கிடைக்கும். ஏதோ ஒரு வடிவத்தில் ஊருக்கு ஊர் இது நடக்கிறது. இதில் பரிசு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கடைசியில். நடுவில் விட்டால் அது போச்சு. அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் சீட்டைத் தள்ளிப்போடுவதில்லை. ஜிம்மில் சலுகை முழுவதும் முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. வருட சந்தாவில் 14,400 ரூபாய் சமாச்சாரத்தை 8,000-க்குக் கொடுத்தாகிவிட்டது, அதற்கு மேல் தொடர அவருக்கு என்ன காரணம் மிச்சம் இருக்கிறது?

பணம் கட்டும் விதத்துக்கும் வருகைக்கும் தொடர்பு உண்டு என்பதை 2002-இல் கோர்வில், சோமன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரே தடவையாகக் கட்டியவர்கள் கட்டிய கையோடு தீவிரமாக வந்து, மாதம் ஆக ஆகக் குறைந்துபோனார்கள். மாதாமாதம் கட்டியவர்கள் சீராக வந்தார்கள், புதுப்பிக்கும் வாய்ப்பும் அவர்களிடம் அதிகம். காசு வலித்த ஞாபகம் இருக்கும் வரைதான் கால் ஜிம் பக்கம் போகும்.

அதனால் வருடத் திட்டத்தை நகைச்சீட்டு போல மாற்றலாம். மாதம் 1,200 தொடர்ந்து 9 மாதம், கூடவே மாதம் குறைந்தது 8 நாள் வருகை. அதை முடித்தவருக்கு அடுத்த 3 மாதம் இலவசம். கையில் வருவது 10,800, இப்போது வாங்கும் 8,000-ஐ விட அதிகம். நடுவில் விட்டவருக்கும் நட்டம் இல்லை, வந்த மாதத்துக்குத்தான் கட்டினார். இன்னொரு சின்ன உபாயமும் உண்டு. நூனெஸ், ட்ரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 அட்டைகள் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு 8 முத்திரை சேர்த்தால் ஒரு முறை இலவசம். மீதிப் பேருக்கு 10 முத்திரை, ஆனால் 2 முன்கூட்டியே குத்தப்பட்டிருந்தது. இரண்டு பேருக்கும் பாக்கி 8-தான். முதல் கூட்டத்தில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டாவதில் 34 சதவீதம். கொஞ்ச தூரம் வந்துவிட்டோம் என்ற நினைப்பு செய்யும் வேலை. சேரும் நாளில் உடல் அளவு எடுப்பது, கருவிகளைக் காட்டிக்கொடுப்பது இரண்டையும் முதல் இரண்டு கட்டங்களாக அட்டையில் டிக் போட்டுக் கையில் கொடுங்கள்.

கணக்குப் பார்க்கிறவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஜனவரியில் 100 பேர் 8,000 கட்டினால் கையில் 8 லட்சம். இது உங்கள் வருமானம் இல்லை, 12 மாதத்துக்கு நீங்கள் பட்ட கடன். மாதம் ஏறக்குறைய 67,000 ரூபாய்தான் அந்தந்த மாதத்தில் உங்களுடையதாகிறது. இந்த 8 லட்சத்தைப் பார்த்துப் பிப்ரவரியில் புது ஸ்மித் மெஷின் வாங்கி, ஆகஸ்டில் வாடகைக்கு நகை அடகு வைத்தவர்கள் கதை என்னிடம் நிறைய உண்டு. டியூஷன் சென்டர்காரர்கள் ஜூனில் வாங்கும் ஃபீஸை மாதவாரியாகப் பிரித்து வேறு கணக்கில் போட்டு வைப்பார்கள், அதைச் செய்தாலே போதும்.

சரி, பக்கத்துத் தெரு ஜிம். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பாடம் விமானத் தொழிலில் இருக்கிறது. 1981-இல் அமெரிக்காவில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனம் வந்தது. டிக்கெட் விலை அடிமட்டம், சூட்கேஸுக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு. கூட்டம் அள்ளியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மாதிரி பழைய நிறுவனங்களால் அந்த விலைக்கு எல்லா டிக்கெட்டையும் விற்க முடியாது, செலவு கட்டாது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் ராபர்ட் கிராண்டல் வேறு வழியில் யோசித்தார். எப்படியும் பல சீட் காலியாகத்தான் பறக்கிறது, அந்தச் சீட்டை மட்டும் அவன் விலைக்கு விற்றால் என்ன? ஒரு நிபந்தனை போட்டார். மலிவு டிக்கெட்டைப் பல நாள் முன்னதாகவே வாங்க வேண்டும். அவசர வேலையாகப் போகும் கம்பெனி ஆட்களால் அது முடியாது, அவர்கள் பழைய விலையே கொடுத்தார்கள். எந்த விமானத்தில் எத்தனை சீட் மலிவாக விடலாம் என்பதைக் கணினி கணக்குப் போட்டது. 1985 ஜனவரியில் இந்தத் திட்டம் வந்தது. 1987-இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் இன்னொரு நிறுவனத்தில் கரைந்து பெயரே இல்லாமல் போனது. அது அகலக்கால் வைத்து வேறு நிறுவனங்களை வாங்கியதும் ஒரு காரணம்தான், ஆனால் இந்த அடி பலமான அடி.

உங்கள் ஜிம்மில் காலியாகப் பறக்கும் சீட் எது? காலை 10 முதல் மாலை 4 வரை. வாடகையும் ட்ரெயினர் சம்பளமும் அந்த நேரத்துக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. காலை ஐந்தரை முதல் எட்டு வரை, மாலை ஆறு முதல் ஒன்பது வரைதான் கூட்டம். எல்லாருக்கும் விலையைக் குறைத்தால், 1,200 கொடுக்கத் தயாராக இருக்கும் மாலைக் கூட்டத்துக்கும் சேர்த்துக் குறைக்கிறீர்கள், அது சுத்த நட்டம். பகல் 10 முதல் 4 வரை மட்டும் மாதம் 600 என்று ஒரு தனித் திட்டம் போடுங்கள். ஆபீஸ் போகிறவர் 600-க்கு ஆசைப்பட்டாலும் 11 மணிக்கு வர முடியாது, இரண்டு கூட்டத்துக்கும் நடுவே வேலி தானாக அமைந்துவிடுகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள், இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் இந்த நேரத்துக்கு உரியவர்கள். அதிலும் 11 முதல் 1 வரை பெண்களுக்கு மட்டும் என்று வைத்தால் விலையைப் பற்றிப் பேச்சே வராமல் சேர்கிறவர்கள் இருப்பார்கள். கண்டிப்பு ஒன்று மட்டும் தேவை. பகல் திட்டக்காரர் "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அண்ணே" என்று ஏழு மணிக்கு வந்தால் அன்றைக்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள். தயவு பார்த்தால் ஒரே மாதத்தில் வேலி போய்விடும்.

விலை குறைவு எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை என்பதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு தொடங்கினார். கிராமத்துக் கண் முகாம்களில் பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் இலவசம். அப்படியும் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் மிகச் சிலரே வந்தார்கள். ஏன் என்று விசாரித்தபோது பஸ் செலவு, துணைக்கு ஆள், ஒரு நாள் கூலி, பயம் இதெல்லாம் வெளிவந்தது. பஸ்ஸும் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்த பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். உங்களிடம் வராமல் போனவர்களையும் அதே மாதிரி விசாரித்துப் பாருங்கள். "டைம் இல்ல" என்றுதான் முதலில் சொல்வார்கள், விடாமல் இரண்டாவது கேள்வி கேளுங்கள். எந்த மெஷினில் என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தேன், கண்ணாடி முன்னால் கைகட்டி நிற்கிற பையன்களைப் பார்த்தால் கூச்சம், முதல் நாள் ஸ்குவாட் போட்டு மூன்று நாள் படி இறங்க முடியவில்லை, பைக் நிறுத்த இடம் இல்லை. இவற்றில் ஒன்றையாவது 2,000 ரூபாய் தள்ளுபடி சரிசெய்யுமா?

அரவிந்தில் இன்னொன்றும் பார்க்கலாம். அங்கே அறுவை அறையில் டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். தயார் செய்வது, பார்வை அளப்பது, பேசித் தைரியம் சொல்வது எல்லாம் கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் செய்வது. டாக்டரின் கை டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு. உங்கள் சீனியர் ட்ரெயினர் காலையில் டம்பெல் அடுக்கிக்கொண்டு, பீஸ் பாக்கி கேட்டுக்கொண்டு இருந்தால், புதிதாகச் சேர்ந்தவரின் முதுகு வளைகிறதா என்று யார் பார்ப்பது? முதல் மாதத்தில் புது ஆளுக்கு என்னென்ன, எந்த நாளில், யார் செய்வது என்று ஒரே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ட்ரெயினர் மாறினாலும் அது மாறக்கூடாது.

பள்ளிக்கூடங்கள் பிள்ளை வராத அன்றைக்கே பெற்றோருக்குச் செய்தி அனுப்பிவிடும். நீங்கள் ஒருவர் வராததைக் கவனிப்பது எப்போது? பெரும்பாலும் சந்தா முடிந்த பிறகு. ஏழு நாள் வராதவர் பட்டியலைத் தினமும் ஒருவர் எடுத்து ஃபோன் செய்யட்டும். வாட்ஸ்அப் ஃபார்வர்ட் வேண்டாம், ஃபோன். "பீஸ் கட்டலையே" என்று ஆரம்பிக்கவும் வேண்டாம்.

வெளியேறுவதைக் கடினமாக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். காஸ்ட்கோ என்ற அமெரிக்கச் சில்லறை நிறுவனம் ஆண்டுச் சந்தா கட்டியவர்களை மட்டுமே கடைக்குள் விடுகிறது. லாபத்தில் பெரிய பங்கு அந்தச் சந்தாவிலிருந்துதான். திருப்தி இல்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் சந்தாவைத் திருப்பித் தந்துவிடுவதாக அது சொல்கிறது, அப்படியிருந்தும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் புதுப்பிக்கிறார்கள். அமேசானோ பிரைம் சந்தாவை ரத்து செய்வதைச் சுற்றி வளைத்து வைத்திருந்ததாக அமெரிக்க அரசு அமைப்பு தொடுத்த வழக்கில், 2025-இல் 250 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்ற நிலையில், முதல் 15 நாளில் பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் வாபஸ் என்று போர்டு வையுங்கள். கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள், பக்கத்துத் தெரு மேனேஜருக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் இருக்காது.

கடலூரிலிருந்து கிளம்பிய சாஷே ஷாம்பு கதையை எல்லா பிசினஸ் பேச்சாளர்களும் சொல்வார்கள், அதை ஜிம்முக்கு எடுக்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதை. பாட்டில் வாங்க முடியாதவருக்குச் சின்னப் பாக்கெட் சரி, ஆனால் ஒரு பாக்கெட்டிலேயே தலை நுரைத்து வாசம் வந்துவிடும். ஒரு நாள் ஜிம்மில் வலிதான் வரும். அதனால் ஒரு நாள் பாஸை விட, 10 வருகை 700 ரூபாய், 45 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிற அட்டை நல்லது.

வரி விஷயம் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, ஆனால் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. ட்ரெட்மில் வாங்கும்போதும் கடை வாடகையிலும் நீங்கள் கட்டும் வரி இனி முழுக்க உங்கள் செலவு. ஊருக்கு ஊர் கிளை வைக்கும் பக்கத்துத் தெருச் சங்கிலி நிறுவனத்துக்கும் இதே நிலைதான். புது மெஷின், ஏ.சி., உள் அலங்காரம் என்று கோடிக்கணக்கில் இறக்கியவருக்கு அந்த வரி திரும்ப வராது. தொடக்கச் சலுகை 6,000 எத்தனை நாள் தாங்கும் என்பதை இதை வைத்து நீங்களே யூகிக்கலாம். பழைய மெஷினைச் சர்வீஸ் செய்து ஓட்டுகிற உங்களுக்கு இதில் சுமை குறைவு, இந்த வருடம் கருவியில் பணம் போடாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சங்கிலி ஜிம் உங்கள் உறுப்பினரைத் தேடி வருவதற்கு முன் உங்கள் ட்ரெயினரைத் தேடி வரும். அவர் போனால் பின்னாலேயே பதினைந்து பேர் போவார்கள். பார்லர்காரர்கள் இதில் அடிபட்டுத் தேறியவர்கள். அவர்களில் விவரமானவர்கள் ஒரே ஆள் ஒரே வாடிக்கையாளருக்குத் தொடர்ந்து செய்யாதபடி அவ்வப்போது மாற்றி விடுவார்கள். யாருக்கு என்ன நிறம், எந்த க்ரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் கடை நோட்டில் இருக்கும். உங்களிடமும் ஒவ்வொரு உறுப்பினரையும் இரண்டு ட்ரெயினருக்காவது பெயர் சொல்லித் தெரிய வேண்டும். யாருக்கு முட்டி வலி, யார் எவ்வளவு எடை தூக்குகிறார் என்கிற குறிப்பு ட்ரெயினரின் ஃபோனில் இல்லாமல் ஜிம்மின் நோட்டில் இருக்க வேண்டும். சம்பளத்தை ஏற்றிக் கொடுப்பதற்கு முன்னால் அந்த நோட்டை வாங்கிவிடுங்கள்.